திரைக்குள் ஒரு லாக் பலகை

வலைப்பக்கம் பழுதாவது பயனரின் கையில். அதைத் திறந்து பார்க்கும் கருவிகள் இருப்பதோ டெவலப்பரின் மேசையில். பிரண்ட்எண்ட் வேலையின் பாதி அவஸ்தை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சர்வரில் கோளாறு என்றால் லாக் கோப்பு நம் வசம் இருக்கும். நள்ளிரவில் விழுந்தாலும் காலையில் எழுந்து நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உலாவிக்குள் நடந்ததெல்லாம் தாவலை மூடியதும் போய்விடுகிறது. மிஞ்சுவது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், 'பட்டனைத் தட்டுனா ஒன்னுமே வரலை லா' என்ற ஒரு வரியும்தான்.

ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்பவருக்கு இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலம். லெபோ பாசார் நகைக்கடைக்கோ, பழைய கடைவீட்டைத் தங்கும் விடுதியாக்கியவருக்கோ ஒரு தளம் செய்து கொடுத்தால், அதைத் திறப்பவர்களில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிக்காரர்களும் இருப்பார்கள். பலர் ஃபேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தட்டி, அந்தச் செயலியின் உள்ளேயே திறக்கும் உலாவியில் பார்ப்பார்கள். அங்கே நடக்கும் பிழை நம் மடிக்கணினியில் எத்தனை முறை முயன்றாலும் திரும்ப வராது. அப்படியானால் பக்கத்துக்குள்ளேயே ஒரு லாக் பலகையைக் கட்டிவிடலாமா? கட்டினால் அது எதைப் பிடிக்க வேண்டும், எதைப் பிடிக்கக் கூடாது?

கேள்வி பழையது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதியபோது, பிழை பார்க்கும் கருவி என்று எதுவும் கூடவே பிறக்கவில்லை. பல வருடம் எல்லாரும் அலெர்ட் பெட்டியை வைத்தே காலம் தள்ளினார்கள். மாறியின் மதிப்பு தெரிய வேண்டுமா, ஒரு அலெர்ட். லூப்புக்குள் வைத்துவிட்டால் ஓகே பட்டனை அமுக்கி அமுக்கியே விரல் ஓயும். அதைவிடப் பெரிய தொல்லை, அலெர்ட் வந்ததும் மொத்த நிரலும் நின்றுவிடுவது. நேரம் சம்பந்தப்பட்ட பிழை என்றால் அலெர்ட் வைத்ததும் மறைந்துவிடும், எடுத்ததும் திரும்பி வரும். நெட்ஸ்கேப் 4 காலத்தில் முகவரிப் பட்டையில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று அடித்து ஒரு முக்காற்புள்ளி வைத்தால் பிழைச் செய்திகள் கொண்ட ஒரு ஜன்னல் திறக்கும். பிறகு மொசில்லாவில் வெங்க்மன் என்ற டீபக்கர் வந்தது. வலுவான கருவிதான், ஆனால் எடுத்தவுடன் ஒட்டவில்லை.

ஒட்டியது ஃபயர்பக். ஜோ ஹெவிட் 2006 ஜனவரியில் வெளியிட்ட இந்த ஃபயர்பாக்ஸ் இணைப்பு, பக்கத்தின் அடியில் ஒரு பலகையாகத் திறந்தது. அதில் டாம் மரம், நெட்வொர்க் கோடுகள், கன்சோல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. இன்று நாம் யோசிக்காமல் எழுதும் கன்சோல்.லாக் என்ற வழக்கத்தைப் பரப்பியது அதுதான். அந்த வழக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் போய் இடித்துக்கொண்ட கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2009-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 8-இலும் அதற்கடுத்த 9-இலும் டெவலப்பர் ஜன்னலைத் திறந்தால்தான் கன்சோல் என்ற பொருளே உருவாகும். மறந்துபோய் விட்டுவைத்த ஒரு லாக் வரி வாடிக்கையாளர் கணினியில் தளத்தையே முடக்கிவிடும். டெவலப்பர் வந்து எஃப்12 அமுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். பார்க்கப் போனாலே மறையும் பிழைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 2008 செப்டம்பரில் குரோம் முதல் நாளிலிருந்தே இன்ஸ்பெக்டரோடு வந்தது. ஒவ்வொரு உலாவியும் தன் கருவியைத் தானே வளர்த்துக்கொள்ள, ஃபயர்பக் 2017-இல் விடைபெற்றது.

இன்று கன்சோலுக்கு ஒரு தர ஆவணம்கூட இருக்கிறது. லாக், வார்ன், எரர், குரூப், டேபிள், டைம், கவுண்ட் என்று எல்லா உலாவிக்கும் பொதுவான முறைகளை அது வரையறுக்கிறது. ஆனால் திரையில் எப்படி அச்சிட வேண்டும் என்பதை அந்தந்த உலாவியின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. பலகை கட்ட நினைப்பவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: தோற்றம் என்பது யாரும் சொந்தம் கொண்டாடாத இடம், அங்கே நாம் விரும்பியதைச் செய்யலாம்.

மேசைக் கணினியில் இவ்வளவு இருக்க, பக்கத்துக்குள் தனிப் பலகை எதற்கு? கைப்பேசிதான் காரணம். ஐபோனின் ஆரம்பகால சஃபாரியில் ஒரு சின்ன டீபக் கன்சோல் உள்ளேயே இருந்தது. 2012-இல் ஐஓஎஸ் 6 அதை எடுத்துவிட்டு, கம்பி வழியாக மேக் கணினியோடு இணைத்துப் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. வசதிதான், மேக் இருப்பவருக்கு. பேட்ரிக் முல்லர் எழுதிய வெயின்ரே அதற்கு முன்பே தொலைவிலிருந்து கைப்பேசிப் பக்கத்தைப் பார்க்க வழிசெய்திருந்தது. செயலிகளுக்குள் திறக்கும் உலாவி இன்னும் பிடிவாதமானது. ஐஓஎஸ் 16.4-இலிருந்து, செயலியை எழுதியவர் அனுமதித்தால் மட்டுமே அதை இன்ஸ்பெக்ட் செய்ய முடியும். பிறருடைய செயலிக்குள் நம் பக்கம் திறக்கும்போது அந்த அனுமதி நம் கையில் இல்லை.

எனவே பலகை பக்கத்துக்குள் குடிவந்தது. ஃபயர்பக் லைட், பிளாக்பர்ட் என்று 2000-களிலேயே முன்னோடிகள் இருந்தாலும், இந்த வகை முதிர்ந்தது சீனாவில்தான். வீசாட் செயலிக்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் ஓடும் நாட்டில் அது ஆச்சரியமில்லை. டென்சென்ட்டின் விகன்சோலும் எருடாவும் 2016-இல் வந்தவை. திரையின் ஓரத்தில் ஒரு சிறு பட்டன். தட்டினால் லாக், நெட்வொர்க், டாம், சேமிப்பகம் என்று கையடக்க டெவ்டூல்ஸ். அவசரத்துக்கு எருடாவை ஒரு ஸ்கிரிப்ட் வரியில் செருகிவிடலாம். பெரும்பாலான சிறு அணிகளுக்கு இதுவே போதும், சொந்தமாகக் கட்ட வேண்டியதில்லை. கட்டியே தீர வேண்டும் என்ற நிலை எப்போது வரும் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உள்ளே நடப்பது என்ன?

எளிமையாகத் தோன்றும் முதல் படியிலேயே மூன்று குழிகள். கன்சோல்.லாக்கை நம் செயற்கூறால் மூடி, வரும் தகவலில் ஒரு நகலை எடுத்துக்கொண்டு அசலைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் மூடியதும் டெவ்டூல்ஸில் எல்லா வரிக்கும் நம் கோப்பின் வரி எண்ணே தெரிய ஆரம்பிக்கும், அழைத்த இடம் தொலைந்துபோகும். எரர் பொருளின் ஸ்டாக்கைப் படித்து அழைத்த இடத்தை நாமே மீட்டெடுக்கலாம், அல்லது டெவ்டூல்ஸின் புறக்கணிப்புப் பட்டியலில் நம் கோப்பைச் சேர்க்கலாம். இரண்டாவது குழி, பொருள்களின் நகல். குரோம் கன்சோலில் ஒரு பொருளை லாக் செய்துவிட்டுப் பிறகு விரித்துப் பார்த்தால், லாக் செய்த கணத்தின் மதிப்பு தெரியாது. விரித்த கணத்தின் மதிப்புதான் தெரியும். இதைத் தெரியாமல் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடியவர்கள் ஏராளம். நம் பலகை அந்தக் கணத்திலேயே படமெடுத்துவிட வேண்டும். ஜேசானாக மாற்றலாம் என்றால் தன்னையே சுட்டும் பொருளில் அது பிழை வீசும். 2022 வாக்கில் எல்லா உலாவிக்கும் வந்துசேர்ந்த ஸ்ட்ரக்சர்டுகுளோன் அதைச் சமாளிக்கும், ஆனால் செயற்கூறோ டாம் முனையோ உள்ளே இருந்தால் மறுத்துவிடும். ஆகவே ஆழத்துக்கு ஒரு வரம்பு வைத்து, பார்த்த பொருளைக் குறித்துக்கொண்டே இறங்கும் ஒரு சிறு நகலெடுப்பானை நாமே எழுதுவதுதான் நடைமுறை.

மூன்றாவது குழி, லாக் வரியே இல்லாத பிழைகள். பிடிபடாத பிழைக்கு விண்டோவின் எரர் நிகழ்வு, கைவிடப்பட்ட பிராமிஸுக்கு அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன் நிகழ்வு என்று இரண்டையும் கேட்க வேண்டும். வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்டில் பிழை என்றால் உலாவி 'ஸ்கிரிப்ட் எரர்' என்ற இரண்டு சொல்லோடு வாயை மூடிக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்டின் டேகில் கிராஸ்ஆரிஜின் குறிப்பும், அனுப்பும் சர்வரில் அதற்குரிய ஹெடரும் சேர்ந்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

இத்தனையும் பிடித்தபின் வருவது உண்மையான சிக்கல்: எவ்வளவு வைத்திருப்பது? இங்கேதான் பினாங்குக்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் இன்டெலும் எச்பியும் வந்து இறங்கியதிலிருந்து இந்தத் தீவில் சோதனைப் பொறியாளர்களின் தலைமுறைகள் உருவாகியிருக்கின்றன. எச்பியின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலென்ட் ஆகி, 2014-இல் கீசைட் ஆகி, இன்றும் இங்கே இருக்கிறது. அந்தப் பொறியாளர்களின் மேசையில் இருக்கும் லாஜிக் அனலைசர் சிப்பில் ஓடும் எல்லாச் சிக்னலையும் சேமித்துவைப்பதில்லை. வளையமாகச் சுற்றும் ஒரு நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். நிறைந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதும். பொறியாளர் ஒரு டிரிக்கரை நிர்ணயித்திருப்பார், இந்தக் கம்பி உயர்ந்து அந்தக் கம்பி தாழ்ந்தால் என்று. அந்தக் கணம் வந்ததும் கருவி இன்னும் கொஞ்சம் எழுதிவிட்டு நின்றுவிடும். திரையில் டிரிக்கருக்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் ஒரு கோட்டின் இருபுறமும் கிடக்கும். பிழையின் காரணம் எப்போதும் கோட்டுக்கு இடப்பக்கத்தில்தான் இருக்கும்.

பிரண்ட்எண்ட் லாக் பலகைகள் பெரும்பாலும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் குறை. கொட்டிக்கொண்டே போகும் வரிகள், மேலே ஒரு தேடல் பெட்டி, சிவப்பு மஞ்சள் வண்ணங்கள். ஆயிரம் வரியில் எது முக்கியம் என்று தேடும் வேலையைப் பார்ப்பவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். கடைசி சில நூறு நிகழ்வுகளை மட்டும் அதே போன்ற வளைய நினைவகத்தில், அதாவது ரிங் பஃபரில், வைத்துக்கொண்டு, 'பணம் செலுத்து பட்டனைத் தட்டி மூன்று விநாடிக்குள் நெட்வொர்க் கோரிக்கை எதுவும் கிளம்பவில்லை' என்பது போன்ற ஒரு நிபந்தனை நிறைவேறியதும் உறையவைத்தால் கதையே வேறு. பிழை விழவில்லை, எச்சரிக்கையும் இல்லை. வர வேண்டிய ஒன்று வரவில்லை என்பதே டிரிக்கர். சாதாரணக் கன்சோலால் இதைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் நடக்காத ஒன்றுக்கு லாக் வரி இருக்காது.

காட்சி என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவதும் அப்போதுதான். நேரத்தைக் கிடைக்கோட்டில் வைத்து, பயனரின் தட்டல், ஸ்டேட் மாற்றம், நெட்வொர்க், திரை வரைதல் என்று தனித்தனித் தடங்களாக அடுக்கினால், எது எதற்கு முன்னால் நடந்தது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு கோரிக்கைகள் கிளம்பி, இரண்டாவது முதலில் திரும்பி, முதலாவது பிந்தி வந்து அதன்மேல் எழுதிவிடும் வழக்கமான பிழையை வரிப் பட்டியலில் கண்டுபிடிக்கக் கண் வலிக்கும். தடங்களில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நீண்டு கிடப்பதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். டான் அப்ரமோவ் 2015-இல் பாரிஸ் மாநாட்டில் ஸ்டேட்டை நிர்வகிக்கும் ரெடக்ஸைக் காட்டியபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் இதனால்தான்: ஸ்டேட் மாற்றங்களை வரிசையாக வைத்து முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தது.

பலகையும் அதே பக்கத்தில்தான் ஓடுகிறது என்பதால் அதன் நடத்தையில் அடக்கம் வேண்டும். தளத்தின் சிஎஸ்எஸ் பலகையைக் குலைக்காமலும், பலகையின் சிஎஸ்எஸ் தளத்தைக் குலைக்காமலும் இருக்க ஷேடோ டாமுக்குள் வைப்பது நல்லது. வரி வந்த உடனே வரையாமல் அடுத்த ஃபிரேமுக்குச் சேர்த்துவைத்து வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் டாமில் வைத்திருக்க வேண்டும். லாக்கின் உள்ளடக்கத்தை எச்டிஎம்எல்லாகச் செருகவே கூடாது. செருகினால் பயனர் தட்டச்சிய எதுவும் பலகைக்குள் நிரலாக ஓடிவிடும், பிழையைத் தேடும் கருவியே பாதுகாப்பு ஓட்டையாகிவிடும். டாம் மாற்றங்களைக் கவனிக்கும் அப்சர்வர் பலகையின் சொந்த மாற்றத்தையும் லாக் செய்ய ஆரம்பித்தால் முடிவே இல்லாத சுழற்சிதான்.

தமிழ் வரிகளுக்கென்று தனிச் சோதனை. 'பினாங்கு' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நீளம் எட்டு. நீண்ட வரியைப் பலகை ஐந்தாவது அலகில் வெட்டினால் 'பினாங' என்று புள்ளி இல்லாத ஒன்று மிஞ்சும். லாக்கைப் பார்ப்பவர் தரவே கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து டேட்டாபேஸைத் தோண்டப் போவார். இன்டில் செக்மென்டர் இதைச் சரியாக வெட்டித் தரும். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125 வந்தபின் எல்லா முக்கிய உலாவியிலும் உண்டு. நெடுவரிசையை இடைவெளி நிரப்பி நேராக்கும் தந்திரம் தமிழில் பலிக்காது. கன்சோலின் சம அகல எழுத்துருவில் தமிழ் இல்லாததால் உலாவி வேறு எழுத்துருவுக்குத் தாவும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என் இருக்கும்; அந்த எம்என், எழுத்துருவை வடிவமைத்த மலேசியாவின் முத்து நெடுமாறன். அட்டவணையை கிரிட் கொண்டு கட்டினால் இந்தத் தலைவலி இல்லை.

பினாங்கிலேயே விளையும் இரண்டு பிழைகளை அருகில் பார்த்தால் பலகையின் பயன் புரியும். மலேசிய இந்தியர் பலரின் அடையாள அட்டைப் பெயரில் ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும், நடுவில் ஒரு சாய்கோடு. பெயரை அப்படியே இணைய முகவரியின் பகுதியாக வைக்கும் ஒரு முன்பதிவுப் பக்கத்தில் அந்தச் சாய்கோடு பாதையை இரண்டாக உடைக்கும். சர்வர் 404 என்று திருப்பும். சோதித்தவரின் பெயரில் சாய்கோடு இல்லாவிட்டால் அவர் கணினியில் எல்லாம் சரியாகவே ஓடும். பயனருக்குத் தெரிவது 'மீண்டும் முயலவும்' மட்டும். பலகையின் நெட்வொர்க் தடத்தில் அனுப்பிய முகவரி எழுத்து மாறாமல் கிடந்தால் ஒரே பார்வையில் பிடிபடும். பலகை முகவரியை அழகுபடுத்தி, குறியாக்கத்தை அவிழ்த்துக் காட்டினால் தடயமே அழிந்துவிடும். அனுப்பியது அனுப்பியபடியே தெரிய வேண்டும்.

இரண்டாவது, குரோமின் மொழிபெயர்ப்பு. மலாய்ப் பக்கத்தைத் தமிழில் பார்க்க ஒருவர் மொழிபெயர்ப்பைத் தட்டுகிறார். குரோம் பக்கத்தின் உரை முனைகளை எடுத்து ஃபான்ட் டேகுகளுக்குள் போட்டுவிடுகிறது. தளம் ரியாக்டில் கட்டியதாக இருந்தால், அது தான் வைத்த முனை அங்கேயே இருக்கும் என்று நம்பி அதை நீக்கப் போகிறது. முனை அங்கே இல்லை. ரிமூவ்சைல்டு தோற்றதாக ஒரு பிழை விழுந்து, திரை முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. ஒரே மொழியில் வேலைசெய்யும் ஊர்களில் இதை அபூர்வம் என்று ஒதுக்கலாம், பினாங்கில் அது முடியாது. டெவலப்பர் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்க்காதவரை அவர் மேசையில் இது வராது. பிழை விழும்போது பக்கத்தில் ஃபான்ட் டேகுகள் முளைத்திருக்கின்றனவா, ஆவணத்தின் மொழிக் குறிப்பு மாறியிருக்கிறதா என்ற இரண்டையும் பலகை சேர்த்துக் குறித்தால் போதும்.

இனி, பிடிக்கக் கூடாதவை. 2018 மே மாதம் ட்விட்டர், மறைக்கப்படாத கடவுச்சொற்கள் தன் உள் லாக்கில் எழுதப்பட்டிருந்ததாக ஒப்புக்கொண்டு எல்லாப் பயனரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது. அடுத்த வருடம் மார்ச்சில் ஃபேஸ்புக்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னது, கோடிக்கணக்கான கடவுச்சொற்கள். அதற்காக 2024-இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டாவுக்கு விதித்த அபராதம் 9.1 கோடி யூரோ. பயனரின் முழு நடமாட்டத்தையும் வீடியோ போலப் பதியும் செஷன் ரீப்ளே கருவிகளை 2017-இல் பிரின்ஸ்டனின் எங்கல்ஹார்ட், அகார், அரவிந்த் நாராயணன் மூவரும் ஆராய்ந்து, படிவத்தில் தட்டச்சியவை வெளி நிறுவனங்களுக்குப் போவதைக் காட்டினார்கள். இவற்றில் யாரும் திருட்டு எண்ணத்தோடு தொடங்கியதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடித்துவைப்போம், எப்போதாவது உதவும் என்ற பழக்கம்தான் கொண்டுபோய் விட்டது.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டு, 2025 ஜூனிலிருந்து தரவுக் கசிவைத் தெரிவிப்பது கட்டாயம். ஆணையரிடம் சொல்ல 72 மணி நேரம். லாக் கோப்பு கசிந்தாலும் கசிவுதான். மைகார்டு எண் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது. பன்னிரண்டு இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பினாங்குக்கு 07), கடைசி நான்கு வரிசை. வடிவம் நிலையானது என்பதால் நகலெடுக்கும்போதே அதைக் கண்டுபிடித்து மறைப்பது எளிது. காட்டும்போது மறைப்பது போதாது. நினைவகத்துக்குள்ளேயே அது போகக் கூடாது. மறைக்க வேண்டியதைப் பட்டியலிடுவதைவிட, அனுமதிக்கப்பட்ட புலங்களை மட்டும் பட்டியலிட்டு மற்றதையெல்லாம் மூடுவதே என் கட்சி. பதிந்ததை எங்கும் தானாக அனுப்பாமல், பயனருக்குக் காட்டி, அவரே 'அனுப்பு' என்று தட்டினால் மட்டும் அனுப்பும் முறை மெதுவானதுதான். கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் கூசாமல் சொல்லக்கூடிய முறையும் அதுதான்.

எனில் யார் கட்ட வேண்டும்? பிழைகளின் கணக்கு மட்டும் தெரிய வேண்டியவருக்கு சென்ட்ரி போன்ற சேவை இருக்கிறது. பயனர் செய்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க ஆர்ஆர்வெப் இருக்கிறது. கைப்பேசியில் எட்டிப் பார்க்க எருடா. சொந்தமாகக் கட்டுவதற்கு நான் பார்க்கும் நியாயமான காரணம் டிரிக்கர் ஒன்றே. பணம் கட்டும் படி எங்கே உடைகிறது, இருக்கை எப்போது பூட்டப்படுகிறது என்பது அந்தத் தளத்தை எழுதியவருக்குத்தான் தெரியும், பொதுக் கருவிக்குத் தெரியாது. அப்படிக் கட்டுபவர் மேலே சொன்ன தடங்களையும் வண்ணங்களையும் இரண்டாவதாக வைத்துக்கொண்டு, மூன்று நான்கு நல்ல டிரிக்கர்களை முதலில் எழுதலாம். நிரலைச் சுருக்கும் டெர்சரில் கன்சோல் வரிகளை நீக்கும் அமைப்பு போட்டிருந்தால் வெளியீட்டில் அந்த வரிகள் இருக்காது, மூடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பலகைக்கான பதிவுகளைத் தனிச் செயற்கூறு வழியாகவே எழுத வேண்டும். தளத்தில் கடுமையான சிஎஸ்பி இருந்தால் வெளியிலிருந்து செருகும் ஸ்கிரிப்டை உலாவி தடுத்துவிடும், ஆகவே பலகை முதலிலிருந்தே தளத்தின் சொந்த டொமைனிலிருந்து வர வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி. நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டில் செயலிக்குள் திறந்த பக்கம் திடீரென்று கொல்லப்படும்போது ரிங் பஃபரும் கூடவே போகிறது, பிடிக்க வேண்டிய கணமே அதுவாக இருந்தாலும். லோக்கல் ஸ்டோரேஜில் அவ்வப்போது எழுதலாம். ஏறத்தாழ 5 எம்பி இடம் இருக்கிறது. ஆனால் அது எழுதி முடிக்கும்வரை பக்கத்தை நிறுத்திவைக்கும், பழைய கைப்பேசியில் அந்தத் தடங்கல் விரலுக்கே தெரியும். இன்டெக்ஸ்டுடிபி நிறுத்திவைக்காது, ஆனால் பக்கம் சாகும் தருவாயில் அது எழுதி முடித்ததா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பக்கம் பின்னணிக்குப் போகும் நிகழ்வில் ஒரு முறை, ஒவ்வொரு முக்கியப் படிக்கும் முன்னால் ஒரு முறை என்று சின்னச் சின்னதாக இன்டெக்ஸ்டுடிபியில் எழுதிவைத்து, அடுத்த முறை பக்கம் திறக்கும்போது முடிவுபெறாத பதிவு கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.